ஒரு சிட்டிகை கடற்பாசி

சென்ற பொங்கலுக்குக் கல்லாவிக்குப் போயிருந்தபோது அண்ணன் வீட்டுச் சமையலறையில் ஒரு சிறு யுத்தம் நடந்தது. யுத்தத்துக்குக் காரணம் ஒரு பாட்டில்.

வெள்ளை வெளேரென்ற, அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் பாட்டில். இறுக்கமான மூடி. அரைக் கிலோ பிடிக்கும். அதில் அண்ணி கடுகு போட்டு வைத்திருந்தாள். ஹோசூர் தொழிற்சாலை ஒன்றின் சாமான் அறையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன், காலி பாட்டில்கள் என்று பத்துப் பன்னிரண்டைக் கொண்டு வந்து தெருவுக்கே பங்கு போட்டிருக்கிறான். இனாமாக வந்த பாட்டிலை எந்தக் குடும்பஸ்திரீ வேண்டாம் என்பாள்?

அண்ணன் மகள் ஹோசூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைச் சாலையில் வேலை பார்க்கிறாள். பண்டிகைக்கு வந்தவள் அலமாரியைத் திறந்தாள், பாட்டிலைப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. கடுகை அப்படியே கொல்லையில் கொட்டிவிட்டாள்.

"என்னடி பண்றே? நூறு ரூபாய்க் கடுகுடி!" என்று அலறினாள் அண்ணி.

"இந்த பாட்டில் எல்லாம் வீட்டுக்கு வரக்கூடாதும்மா!"

"அதிலே என்ன விஷமா இருந்துச்சு? பேரைப் படிச்சுப் பார்த்தேன். அகார்னு போட்டிருக்கு. நம்ம பாய் வீட்டு அம்மா நோன்பு மாசத்துல குடுப்பாங்களே, கடல்பாசி, அதுதானே இது?"

அண்ணி சொன்னதில் தப்பில்லை. ரமலான் மாலைகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவைத்து, வில்லை வில்லையாக வெட்டித் தருவார்களே அந்தக் கடல்பாசி, அதுவும் இதுவும் ஒன்றுதான். சிறு வயதில் அதற்காகவே நான் மாலை வேளைகளில் அந்த வீட்டு வாசலில் பம்பரம் விட்டிருக்கிறேன்.

"சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்க" என்று என்னிடம் வந்தாள் அண்ணன் மகள். "அகார் விஷம் இல்லைதான். ஆனா எங்க அலமாரியிலே இதே மாதிரி பாட்டில் நூறு நிக்குது. ஒண்ணுல அகார். அடுத்ததுல அக்ரிலமைடு. அதுவும் வெள்ளைப் பொடிதான். தோல் வழியாவே உள்ளே போய் நரம்பைக் கெடுக்கும். காலி பாட்டிலை எடுத்தவங்க எதை எடுத்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியோடு விட்டவன் நான். விஞ்ஞானத்துக்கும் எனக்கும் தூரம் அதிகம். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பொருள் கண்ணில் பட்டுவிட்டால் அது எங்கே பிறந்தது, எந்தெந்த வீட்டுப் படி ஏறி இங்கே வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. அப்படிக் கேட்டுக்கொண்டு போனபோது, இந்தச் சாதுவான பொடி நம் ஹோசூர்ப் பக்கத்துக் கொள்ளை நோயோடும், பாம்பன் கடலில் முங்கும் பெண்களின் வயிற்றுப்பாட்டோடும், பத்தொன்பது பேருடைய சாவோடும், ஒரு நல்ல மனிதருடைய மானத்தோடும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த முடிச்சை இங்கே அவிழ்த்துப் பார்க்கிறேன்.

*

கதை ஜப்பானில் ஒரு சத்திரத்தில் தொடங்குகிறது. 1658-ஆம் ஆண்டு, குளிர்காலம். மினோ தாரோஸாயெமோன் என்ற சத்திரக்காரர் தமக்கு வந்த பெரிய மனிதர்களுக்குக் கடற்பாசியைக் காய்ச்சிச் செய்த களியை விருந்தில் படைத்தார். மிஞ்சியதை வெளியே கொட்டினார். ராத்திரிப் பனியில் அது உறைந்தது. பகல் வெயிலில் உருகி நீர் வடிந்து காய்ந்தது. சில நாளில் பார்த்தால் காகிதம் போல் லேசாக, வெளுப்பாக ஏதோ கிடக்கிறது. எடுத்துக் கொதிநீரில் போட்டார், மறுபடியும் களி. முன்னைவிடத் தெளிவான, வாடையற்ற களி! ஜப்பானியர் சொல்லும் கதை இது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'கான்தென்'. குளிர்ந்த வானம் என்று அர்த்தமாம். வானத்துக் குளிரையே பக்குவம் பண்ணும் அடுப்பாக வைத்துக்கொண்ட தொழிலுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

சீனர்களும் மலாய்க்காரர்களும் ஜாவாக்காரர்களும் இதைச் சமைத்தார்கள். 'அகர்-அகர்' என்பதே மலாய்ச் சொல்தான். ஜாவாவிலிருந்து டச்சுக் குடும்பங்கள் வழியாக மேல்நாட்டுச் சமையலறைகளுக்குப் போயிற்று. அங்கேதான் நம் கதாநாயகி வருகிறாள்.

பானி ஏஞ்சலினா என்று பெயர். 1850-இல் அமெரிக்காவில் பிறந்தவள். மணந்துகொண்டது ஜெர்மனியைச் சேர்ந்த வால்தர் ஹெஸ்ஸே என்ற டாக்டரை. 1881-இல் அவர் பெர்லினில் ராபர்ட் காக் என்ற பெரிய கிருமி நிபுணரின் பரிசோதனைச் சாலைக்கு வேலை கற்கப் போனார். பானியும் கணவருக்கு உதவியாக இருந்தாள். பூதக்கண்ணாடிக்கு அடியில் தெரிவதைப் படமாக வரைந்து கொடுப்பது அவள் வேலை. சம்பளம் கிடையாது.

அந்தக் காலத்தில் கிருமியை ஆராய்கிறவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. ஒரு துளி நீரில் நூறு ஜாதிக் கிருமி இருக்கும். அவற்றைத் தனித் தனியே பிரித்தால் அல்லவா எது எந்த நோயைக் கொடுக்கிறது என்று சொல்ல முடியும்? திரவத்தில் வளர்த்தால் எல்லாம் கலந்துவிடும். காக் முதலில் வேகவைத்த உருளைக்கிழங்கு வில்லையின் மேல் வளர்த்துப் பார்த்தார். பிறகு எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினை மாமிச ரசத்தோடு கலந்து உறையவைத்து அதன் மேல் வளர்த்தார். ஆனால் ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும். நோய்க் கிருமிகளுக்கோ வளர அந்தச் சூடுதான் வேண்டும். போதாததற்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று நீராக்கிவிடும். வெயில் காலத்தில் ஹெஸ்ஸேயின் தட்டுகள் எல்லாம் கஞ்சியாகி ஓடின.

மனிதர் சலித்துப்போய், "நீ செய்கிற பழப்பாகும் இனிப்புக் களியும் மாத்திரம் இந்த வெயிலில் இளகாமல் நிற்கிறதே, எப்படி?" என்று மனைவியைக் கேட்டாராம். ஜாவாவிலிருந்து வந்த அண்டை வீட்டார் சிறு வயதில் தனக்குக் கற்றுக்கொடுத்த அகார் ரகசியத்தைப் பானி சொன்னாள்.

அவ்வளவுதான். கிருமி சாஸ்திரத்தின் பூட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது. அகார் உருக வேண்டுமானால் தண்ணீர் கொதிக்கும் சூட்டை நெருங்க வேண்டும். உருகியது மறுபடி உறைவதோ நாற்பது டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான். நடுவே கிடக்கும் இந்த அகன்ற இடைவெளிதான் அதன் பெருமை. உடம்புச் சூட்டில் வாரக்கணக்கில் வைத்தாலும் கல் போல் நிற்கும். கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். சாதாரணமாக எந்தக் கிருமியும் அதைத் தின்று தீர்க்காது. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 15 கிராம் போதும்.

1882 மார்ச் 24-ஆம் தேதி காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக உலகுக்கு அறிவித்தார். அந்த ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில் அகாரைப் பற்றி ஒரு வரி வருகிறது. யார் சொல்லித் தெரிந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. 1887-இல் ஜூலியஸ் பெட்ரி அந்த அகாரை ஊற்ற மூடி போட்ட ஒரு கண்ணாடித் தட்டை அமைத்தார்; உலகம் முழுவதும் 'பெட்ரி தட்டு' என்று அவர் பெயரைச் சொல்கிறது. பானியின் பெயரால் தட்டும் இல்லை, கரண்டியும் இல்லை. 1934 வரை வாழ்ந்தவள், தன் பங்கைப் பற்றி ஊர் கூட்டிச் சொன்னதாகவும் தெரியவில்லை. நம் வீட்டுப் பெண்களைப் போலத்தான். குழம்புக்குப் பெருக்கல் கணக்கு யார் போட்டது என்று யார் கேட்கிறார்கள்?

*

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. ரயில் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. 1898 ஆகஸ்டில் பெங்களூரில் புகுந்தது. பெங்களூரை அடுத்திருந்த ஹோசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. எங்கள் கல்லாவியும் அப்படியே. (1965-இல் தர்மபுரி ஜில்லாவானோம், 2004-இல் கிருஷ்ணகிரி. இருந்த இடத்தில் இருந்தபடியே மூன்று ஜில்லாக்களைப் பார்த்த ஊர் எங்களுடையது.) பெங்களூரிலிருந்து வரும் ரயில் பாதை ஜோலார்பேட்டையில் சென்னைப் பாதையோடு சேருகிறது. அங்கிருந்து சேலம் போகும் பாதையில்தான் எங்களுக்குச் சமீபத்திலுள்ள சாமல்பட்டி ஸ்டேஷன். நோய்ப்பட்ட சீமையிலிருந்து வரும் பிரயாணிகளுக்குச் சென்னை ராஜதானியில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒரு சீட்டுக் கொடுத்து, போய்ச் சேரும் ஊரில் தினமும் அதிகாரியின் முன் ஆஜராக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

என் பாட்டி சொல்லுவாள்: "கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட வேண்டும்." அவளுடைய அம்மா காலத்துச் சங்கதி அது. வீட்டைப் பூட்டி, வயலில் சோளத்தட்டைக் குடிசை போட்டு, மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார்களாம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டினால் பிழைப்பது அபூர்வம். கோயமுத்தூரில் இன்றும் 'பிளேக் மாரியம்மன்' என்று கோயில்கள் இருக்கின்றன. புதிதாக வந்த எமனுக்கு நம் ஜனங்கள் பழைய தாயின் பெயரையே வைத்துக் கும்பிட்டார்கள். வேறு என்ன செய்வார்கள்?

வேறு ஒன்று செய்ய வந்தவர் வால்டெமார் ஹாப்கின். ருஷ்ய சாம்ராஜ்யத்தில் ஒடெஸ்ஸாவில் பிறந்த யூதர். பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்தவர். 1893-இல் காலராத் தடுப்பு மருந்தோடு இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பிளேக் கிளம்பியதும் சர்க்கார் அவரை அங்கே அழைத்தது. ஒரு கல்லூரியில் கொடுத்த சிறிய இடத்தில், விரல் விட்டு எண்ணக்கூடிய உதவியாட்களோடு, சில மாதங்களுக்குள் பிளேக் தடுப்பு மருந்தைச் செய்துவிட்டார். அதன் செய்முறையில் நம் நாட்டுச் சரக்கு ஒன்று சேர்ந்திருந்தது. மாமிச ரசம் உள்ள குடுவையில் சில சொட்டு நெய்யை மிதக்கவிட்டார். நெய்த்துளியைப் பிடித்துக்கொண்டு பிளேக் கிருமிகள் விழுது விழுதாகக் கீழே இறங்கி வளர்ந்தன. அப்படி வளர்ந்ததைச் சூட்டால் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்த்துக் காப்புச் செய்தால் மருந்து தயார். 1897 ஜனவரி 10-ஆம் தேதி அதை முதன்முதலாகப் போட்டுக்கொண்டவர் யார்? ஹாப்கினேதான். தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சலோடு வேலை பார்த்தார்.

லட்சக்கணக்கான பேருக்கு அந்த ஊசி போடப்பட்டது. 1902-இல் பஞ்சாபில் நோய் கடுமையாயிற்று. மருந்து ஏராளமாகத் தேவைப்பட்டது. பழைய முறையில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஹாப்கின் வேறு முறைக்கு மாறினார். அகார் ஜெல்லியின் மேல் கிருமியை வளர்த்து, அதை நீர் விட்டுக் கழுவி எடுத்து, சூட்டால் கொல்வது. சீக்கிரம் ஆகும். இந்த முறையில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுவிட்டார். பத்திரமாகக் கையாண்டால் சூடு ஒன்றே போதும் என்பது அவர் கணக்கு. பாரிஸிலும் அப்படியே செய்துவந்தார்கள்.

பத்திரமாகக் கையாண்டால். இந்த இரண்டு வார்த்தையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1902 அக்டோபர் 30-ஆம் தேதி பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஐந்து பாட்டில் மருந்து செலவாயிற்று. அதில் ஒரு பாட்டிலின் எண் 53-என். ஒரு வாரம் கழித்து, அந்த ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேருக்கும் தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாய் வளைந்தது. ரண ஜன்னி என்று நாம் சொல்லும் டெட்டனஸ். 19 பேரும் இறந்துபோனார்கள். மற்ற நான்கு பாட்டிலில் போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் இல்லை.

மண்ணில் கிடக்கிற கிருமி எப்படியோ அந்தப் பாட்டிலுக்குள் போயிருக்கிறது. எங்கே போயிற்று? பம்பாயிலா, முல்கோவாலிலா? சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தது. கமிஷன் பம்பாயைக் காட்டியது. கார்பாலிக் அமிலத்தை விட்டதே பிழை என்றது. ஹாப்கினை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லட்சம் உயிரைக் காத்தவர் 19 உயிரைக் கொன்றவர் என்ற பட்டத்தோடு இந்தியாவை விட்டுப் போனார்.

விசாரணை ஏடுகள் 1907 வாக்கில் வெளிவந்தபோது விஷயம் தெரிந்தவர்கள் படித்தார்கள். அதில் ஒரு சிறு செய்தி இருந்தது. முல்கோவாலில் 53-என் பாட்டிலைத் திறந்தபோது உதவியாளுடைய கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்தது. அதை எடுத்து, சரியாகச் சுத்தம் செய்யாமல், அதைக் கொண்டே பாட்டிலின் தக்கையை எடுத்திருக்கிறார். இன்னொன்று: டெட்டனஸ் கிருமி பம்பாயிலேயே உள்ளே போய் வாரக்கணக்கில் வளர்ந்திருந்தால் திறந்த மாத்திரத்தில் துர்நாற்றம் அடித்திருக்க வேண்டும். திறந்தவர் முகர்ந்து பார்த்திருக்கிறார், நாற்றம் இல்லை.

மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தவரும் நம் செகந்திராபாத்தில் வேலை பார்த்தவருமான ரொனால்டு ராஸ் கொதித்து எழுந்தார். அவரும் வேறு பல கிருமி நிபுணர்களும் கையெழுத்திட்ட கடிதம் 1907 ஜூலையில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் வந்தது. அந்த ஆண்டின் கடைசியில் சர்க்கார் ஹாப்கினை மறுபடியும் வேலைக்கு அழைத்தது. கல்கத்தாவில் வேலை கொடுத்தார்கள். ஆனால் மருந்து தயாரிக்கும் பொறுப்பு அவர் கைக்கு வரவில்லை. ஐந்து வருஷம் களங்கத்தோடு நடந்தவனுக்கு அதைத் துடைத்த பிறகும் பழைய நடை வருமா? 1925-இல் பம்பாயில் அவர் தொடங்கிய பரிசோதனைச் சாலைக்கு 'ஹாப்கின் நிலையம்' என்று பெயர் வைத்தார்கள். 1930-இல் ஸ்விட்ஸர்லாந்தில் காலமானார்.

இந்தக் கதையில் வில்லன் கிடையாது. மருந்து நல்ல மருந்து. ஜெல்லி நல்ல ஜெல்லி. மருத்துவர் நல்லவர். அந்த உதவியாள்கூடக் கெட்டவர் அல்ல. 107 பேர் வரிசையில் நிற்கும்போது அவசரப்பட்டவர். ஒரு விநாடி இடுக்கி தரையில் கிடந்தது. அவ்வளவுதான்.

*

இந்த அகாருக்கு நாம் பல காலம் ஜப்பானையே நம்பியிருந்தோம். 1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் குதித்ததும் வரத்து நின்றது. தடுப்பு மருந்துச் சாலைகளும் ஆஸ்பத்திரிகளும் திகைத்தன. அமெரிக்காவில் அகாரைப் பரிசோதனைச் சாலைகளுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். இங்கிலாந்தில் கடற்கரை ஓரத்து ஜனங்களைத் திரட்டிப் பாசி பொறுக்கினார்கள். நம் நாட்டு ரஸாயன நிபுணர்களும் நம் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் கடலில் பாசி புதிது அல்ல. இலங்கைக் கரையில் விளையும் பாசி 'சிலோன் பாசி' என்ற பெயரில் மேல்நாட்டு மருந்துக் கடைகள் வரைக்கும் போனது. ராமநாதபுரக் கரைக்காரர்கள் அதன் தம்பிமார்களை நன்றாக அறிவார்கள். கஞ்சிப்பாசி ஒன்று, மரிக்கொழுந்து ஒன்று. இரண்டிலும் அகார் உண்டு. மரிக்கொழுந்து உயர்ந்த ரகம்.

1947-இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது; 1949-இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. மண்டபம் முகாம் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் நம் கூலி ஜனங்களைக் கப்பலேற்றுமுன் நோய் இருக்கிறதா என்று நாள்கணக்கில் தடுத்து வைத்திருந்த இடம். கிருமிக்குப் பயந்து மனிதரை அடைத்த ஊரில், கிருமியை அடையாளம் காணும் பொருளைத் தேடும் வேலை நடந்தது. பிரான்ஸெஸ்கா திவி என்ற பாசியியல் அறிஞர் அங்கே இருந்துகொண்டு, குடிசைத் தொழிலாகவே அகார் காய்ச்சும்படி ஓர் எளிய முறையை வகுத்துக் கொடுத்தார். ஜப்பானியச் சத்திரத்தில் பனி செய்த வேலையை இங்கே ஐஸ் பெட்டி செய்தது. பின்னால் மதுரையைச் சுற்றி அகார்த் தொழிற்சாலைகள் எழுந்தன.

அந்தத் தொழிற்சாலைகளுக்கு முதல் சரக்குக் கொண்டு வருகிறவர்கள் பாம்பன், சின்னப்பாலம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலில் முங்குவார்கள். பாறையைத் தடவிப் பாசியைப் பறிப்பார்கள். துணி சுற்றியும் விரல் அறுபடும். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கியபின், பரம்பரையாகப் போன இடமே தடுக்கப்பட்ட இடமாயிற்று. கடல் பிழைக்க வேண்டும் என்பதும் நியாயம். அந்தப் பெண் பிழைக்க வேண்டும் என்பதும் நியாயம். இரண்டு நியாயங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் நாவலாசிரியன் நின்று பார்க்கலாம். தீர்ப்புச் சொல்ல அவனுக்குத் தைரியம் வராது. 2015-இல் மொராக்கோ தன் பாசி ஏற்றுமதியைக் குறைத்தபோது உலகப் பரிசோதனைச் சாலைகள் எல்லாம் கவலைப்பட்டன. மூச்சடக்கும் மனுஷி இல்லாமல் நுண்ணோக்கி பார்க்கும் மனிதர் இல்லை என்பது அப்போது பலருக்குத் தெரிந்திருக்கும்.

*

இத்தனையும் விசாரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோசூருக்குப் போய் அண்ணன் மகளைப் பார்த்தேன். வாடகை அறையில் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"அந்தப் பொடியை நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள், சொல்லு" என்றேன்.

அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க, இது பரிசோதனைச் சாலையா, என் பாட்டியின் ஊறுகாய் ஜாடியா என்று சந்தேகம் வந்துவிட்டது. பாட்டிலைத் திறந்தால் எடுத்த மறு விநாடி மூட வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தைப் பொடி குடித்துவிடும், கட்டி பிடித்துவிடும். ஈரக் கரண்டி கூடாது. ஒன்றுக்குப் போட்ட கரண்டியை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. எடுத்தது மிஞ்சினால் திரும்பப் பாட்டிலில் கொட்டக் கூடாது. வெயில் படாத, ஈரமில்லாத அலமாரி. திறந்த தேதியை மேலே எழுத வேண்டும். முன்னால் வந்ததை முன்னால் செலவழிக்க வேண்டும். நிறம் மாறினாலோ கட்டி தட்டினாலோ யோசிக்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

"வெறும் அகார் பரவாயில்லை, சித்தப்பா. ஆனா கிருமிக்குத் தீனியெல்லாம் சேர்த்துக் கலந்த பொடி வரும். சிலதுல பித்த உப்பு, சாயம், இன்னும் சிலதுல விஷ உப்புகூட இருக்கும். எடை போடும்போது தூசி பறக்கும். மூக்கைக் கட்டிக்கணும், கையுறை போடணும். மின்விசிறி ஓடக்கூடாது."

"கொதிக்க வைக்கும்போது?"

"அதுதான் பெரிய ஆபத்து. பால் மாதிரி பொங்கும்னு நெனைப்பாங்க. பால் பரவாயில்லை. இது அடங்கின மாதிரி சும்மா இருக்கும். குடுவையை எடுத்து லேசா ஆட்டினா குபீர்னு மேலே வரும். கையிலே பட்டா ஒட்டிக்கிட்டே சுடும்."

பிறகு நீராவிக் கொப்பரையில் 121 டிகிரியில் கால் மணி நேரம். தட்டில் ஊற்றி உறைந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். மூடியில் வியர்க்கும் நீர் மேலே சொட்டக்கூடாது அல்லவா? வேலை முடிந்த தட்டில் கிருமி மந்தையாக வளர்ந்திருக்கும். அதை மறுபடி கொப்பரையில் வேகவைத்துக் கொன்ற பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

"அது எதுக்கும் வஞ்சனை பண்ணாது, சித்தப்பா" என்றாள் கடைசியில். "எது விழுந்தாலும் வளர்க்கும். நாம தேடுற கிருமியையும் வளர்க்கும். நம்ம நகத்துல இருந்து விழுந்ததையும் வளர்க்கும். அதனாலதான் பயம்."

அவளுடைய வேலையிடத்தில் ஒரு சமயம் யாரோ மூடியைச் சரியாகத் திருகாமல் போய்விட்டார்கள். மழைக்காலம். பொடி ஈரம் குடித்திருந்தது. எடை பொய்யாயிற்று, ஜெல்லி இளக்கமாக வந்தது. ஒரு வாரத்துச் சோதனை முழுவதும் வீண். மருந்து வெளியே போகாமல் அறையிலேயே நின்றது. நஷ்டம் பணத்தோடு போயிற்று. "யாருன்னு கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டேன். "கண்டுபிடிக்கலை. அதுக்கப்புறம் திறக்கிறவங்க பேரும் எழுதணும்னு வெச்சுட்டாங்க" என்றாள்.

முல்கோவாலில் விழுந்த இடுக்கி எனக்கு நினைவு வந்தது.

*

ஹோசூரை நான் தொழிற்சாலை ஊராகவே அறிந்தவன். அங்கே இன்னொரு காவலும் உண்டு என்பது இந்த விசாரிப்பில்தான் தெரிந்தது. தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் சந்திக்கும் இந்த மூலை, பிளேக் காட்டு எலிகளிடையே பதுங்கிக் கிடந்த பழைய இடங்களில் ஒன்று. 1966-இல் கர்நாடகத்தில் கண்ட நோயாளிக்குப் பிறகு, 1994-இல் மகாராஷ்டிரத்திலும் சூரத்திலும் கிளம்பும்வரை, இந்தியாவில் மனிதரிடம் பிளேக் காணப்படவில்லை. ஹோசூரில் நோய் பரப்பும் பூச்சிகளையும் விலங்கு வழி வரும் நோய்களையும் ஆராயும் சர்க்கார் நிலையம் இருக்கிறது. எலியைப் பிடித்து, தெள்ளுப்பூச்சியைச் சீவி எடுத்து, ரத்தத்தைச் சோதித்துக் கண்காணிக்கும் வேலை இந்த மூலையில் தொடர்ந்து நடந்து வந்திருக்கிறது. நோய் இல்லாத ஊரில் நோயைத் தேடிக்கொண்டிருப்பது! இதற்கு எந்த ஊரிலும் பாராட்டுக் கூட்டம் போடமாட்டார்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. ஒன்றும் நடக்காததற்கு மாலை போட நமக்கு வழக்கமில்லை.

மூடியைத் திருகி வைப்பதும் அந்த ஜாதி வேலைதான். திருகியதால் தப்பிய உயிரை யாரும் எண்ணிக் காட்ட முடியாது. திருகாததால் போனதை மட்டும் எண்ணலாம்: பத்தொன்பது.

மாசி மாதம் மறுபடியும் கல்லாவிக்குப் போனேன். அண்ணி புதிதாக ஓர் எவர்சில்வர் சம்புடத்தில் கடுகு வைத்திருந்தாள். தெருவில் இருந்த மற்ற பாட்டில்களையும் அண்ணன் மகள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்துவிட்டாளாம். சிலர் திட்டினார்களாம்; ஒருத்தி புளி கொட்டி வைத்ததைத் தரமாட்டேன் என்று சண்டைக்கே வந்தாளாம். அவளுக்கு மட்டும் புது டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்து வாங்கியிருக்கிறாள். தொழிற்சாலையிலும் சொல்லி, காலி பாட்டில்களின் வயிற்றில் துளை போட்ட பிறகே வெளியே அனுப்புவது என்று ஏற்பாடு செய்துவிட்டாளாம். ஓட்டைப் பாட்டிலை எந்தக் குடும்பஸ்திரீயும் தொடமாட்டாள் அல்லவா?

"உங்க பொண்ணு ஒரு பாட்டிலுக்கு இத்தனை அமர்க்களம் பண்றாளே" என்று அண்ணி குறைப்பட்டுக்கொண்டாள்.

சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அவள் கொடுத்த காப்பியைக் குடித்தேன். அவளுக்குப் பதில் சொல்ல முல்கோவாலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கட்டுரையை அவளுக்காகத்தான் எழுதினேன்.